யூ.டி.எஃப். எழுத உட்காருமுன்

ஃப்ளூயன்ட் என்ற பாய்ம ஓட்டக் கணிப்பு மென்பொருளில் ஓரளவு கை பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் மெனு போதாமல் போகும். குழாயின் வாயில் வேகம் ஒரே எண்ணாக இல்லாமல் நடுவில் கூடி ஓரத்தில் குறைய வேண்டும். வெல்டிங் டார்ச் நகர நகர வெப்பமும் கூடவே நகர வேண்டும். எண்ணெயின் பாகுத்தன்மை நாம் வைத்திருக்கும் சூத்திரப்படி வெப்பநிலையோடு மாற வேண்டும். இதற்கெல்லாம் சி மொழியில் நாமே எழுதிச் செருகும் சிறு நிரல்தான் யூசர் டிஃபைன்ட் ஃபங்ஷன். தொழிலில் எல்லோரும் சொல்வது யூ.டி.எஃப். என்றுதான். பெரும்பாலும் இருபது, முப்பது வரிக்குள் முடிந்துவிடும். அந்த முப்பது வரிக்காக வாரக்கணக்கில் தவிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். தவிப்புக்குக் காரணம் சி மொழி அல்ல. அந்த நிரலை யார் கூப்பிடுகிறார்கள், எப்போது, எத்தனை தடவை என்பது தெரியாததுதான். கீழே சொல்வதில் பாதி அதைச் சுற்றியே வரும்.

1. யூ.டி.எஃப். தேவைதானா என்று முதலில் கேளுங்கள்.

சமீபத்திய ஃப்ளூயன்ட் பதிப்புகளில் எக்ஸ்பிரஷன் என்ற வசதி இருக்கிறது. இடத்தையோ நேரத்தையோ வெப்பநிலையையோ வைத்து ஒரு சூத்திரத்தை நேராக அந்தப் பெட்டியிலேயே தட்டிவிடலாம். ஒரு பரப்பின் சராசரியைக்கூட அதற்குள் கேட்கலாம். சோதனைக்கூடத்தில் அளந்த எண்கள் கையில் இருந்தால் புரொஃபைல் ஃபைலாக ஏற்றிவிடலாம். பாகுத்தன்மை வெப்பநிலையோடு மாறுவது பல்லுறுப்புக் கோவைக்குள் அடங்குமென்றால் அதற்கும் மெனுவிலேயே இடமுண்டு. இந்த மூன்றில் ஒன்று போதுமானால் அங்கேயே நின்றுவிடுங்கள். கம்பைலர் தொல்லை மிச்சம். நேற்று நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இன்று முடிவெடுக்க வேண்டும், ஒரு சுவரின் மேல் விழும் விசையைக் கணக்கிட்டு அதன்படி மெஷ்ஷையே நகர்த்த வேண்டும், மூல உறுப்பின் (சோர்ஸ் டெர்ம்) வகைக்கெழுவையும் சேர்த்துத் தர வேண்டும் என்று வரும்போது யூ.டி.எஃப்.-ஐத் தொடுங்கள். மற்ற மென்பொருள்களிலும் இந்த இரண்டு படி உண்டு. சி.எஃப்.எக்ஸில் முதலில் சி.இ.எல். என்ற எக்ஸ்பிரஷன் மொழி, பிறகுதான் ஃபோர்ட்ரான். ஓப்பன்ஃபோமில் கோடட்ஃபிக்ஸ்ட்வேல்யூ என்று கேஸுக்குள்ளேயே நாலு வரி சி++ எழுதும் வழி இருக்கிறது. புது பவுண்டரியையே கட்டி எழுப்புவது அதற்கு அப்புறம்தான்.

2. நீங்கள் நிரலை ஓட்டவில்லை. சால்வர்தான் கூப்பிடுகிறது.

கல்லூரியில் எழுதிய சி நிரலில் மெயின் இருந்தது. மேலிருந்து கீழே ஓடியது. இங்கே மெயின் கிடையாது. டிஃபைன் என்று தொடங்கும் மேக்ரோக்கள் மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் அழைப்பு வரும் நேரம் வேறு. டிஃபைன் இனிட், இனிஷியலைஸ் செய்தபின் ஒரே தடவை. டிஃபைன் அட்ஜஸ்ட், ஒவ்வொரு இட்டரேஷனின் தொடக்கத்திலும். டிஃபைன் எக்ஸிக்யூட் அட் எண்ட், நிலையான ஓட்டமென்றால் இட்டரேஷன் முடிவில், நேரத்தோடு மாறும் ஓட்டமென்றால் டைம் ஸ்டெப் முடிவில். டிஃபைன் புரொஃபைலுக்கு ஒரு பவுண்டரி முழுவதையும் மொத்தமாகக் கையில் கொடுப்பார்கள். அதிலுள்ள ஃபேஸ்களைச் சுற்றி வருவது உங்கள் வேலை. டிஃபைன் சோர்ஸுக்கும் டிஃபைன் பிராப்பர்ட்டிக்கும் ஒவ்வொரு செல்லாகக் கொடுப்பார்கள். அங்கே நீங்கள் சுற்றக் கூடாது, ஒரு எண்ணைத் திருப்பித் தந்தால் போதும்.

இது தெரியாமல் நடக்கும் கூத்து ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சுவர் இதுவரை எவ்வளவு வெப்பம் வாங்கியிருக்கிறது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டும் வரியை டிஃபைன் புரொஃபைலுக்குள் எழுதுகிறார்கள். ஒரு டைம் ஸ்டெப்புக்கு 20 இட்டரேஷன் என்று வைத்திருந்தால் அந்த வரி 20 தடவை ஓடும். வெப்பம் இருபது மடங்காகக் கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதே வரியை எக்ஸிக்யூட் அட் எண்டில் வைத்தால் ஸ்டெப்புக்கு ஒரு தடவை, சரியாக. எதையாவது கூட்டிக்கொண்டே போகும் வரியை எழுதும்போதெல்லாம், இதை யார் எத்தனை முறை கூப்பிடுவார்கள் என்று ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுத் தொடருங்கள்.

3. தாளில் விடை தெரியாமல் கீபோர்டைத் தொடாதீர்கள்.

எல்லோரும் முதலில் எழுதுவது குழாய்க்குள் நுழையும் பரவளைய வேகத்தைத்தான். அதையே எடுத்துக்கொள்வோம். குழாயின் ஆரம் 0.01 மீட்டர். சராசரி வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். தண்ணீர், ஃப்ளூயன்டின் தரவுத்தொகுப்பில் உள்ளபடி அடர்த்தி 998.2, பாகுத்தன்மை 0.001003. ரெனால்ட்ஸ் எண் 1990 அளவில் வருகிறது. 2300-க்குக் கீழே இருப்பதால் லேமினார் ஓட்டம், பரவளையம் பொருந்தும். வட்டக் குழாயில் நடு வேகம் சராசரியைப் போல் இரண்டு மடங்கு, ஆக 0.2. (இரண்டு தட்டுகளுக்கு நடுவே என்றால் ஒன்றரை மடங்குதான். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) மையத்திலிருந்து தூரத்தை ஆரத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றிலிருந்து கழித்து, 0.2-ஆல் பெருக்கினால் அந்த இடத்தின் வேகம்.

இனி மொத்த ஓட்டம். பரப்பு 0.000314 சதுர மீட்டர், அதை 0.1-ஆலும் 998.2-ஆலும் பெருக்கினால் நொடிக்கு 0.03136 கிலோ. இந்த எண்ணைத் தாளில் வட்டமிட்டுவிட்டுத்தான் நிரலை எழுத வேண்டும். எழுதி, கம்பைல் செய்து, இனிஷியலைஸ் செய்து, சில இட்டரேஷன் ஓடியதும் ஃப்ளக்ஸ் ரிப்போர்ட்டில் இன்லெட்டைப் பாருங்கள்.

0.0313, 0.0315 என்று வந்தால் நல்லது. சிறு வித்தியாசம் மெஷ்ஷால் வருவது. ஃபேஸின் நடுப்புள்ளியில் எடுத்த வேகத்தை ஃபேஸ் முழுவதற்கும் வைத்துக்கொள்வதால் அப்படித்தான் இருக்கும். மெஷ்ஷைப் பொடியாக்கினால் நெருங்கும். 0.0627 என்று, அச்சாக இரண்டு மடங்கு வந்தால்? ஆரத்தை மில்லிமீட்டரில் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். தூரம் என்னவோ மீட்டரில்தான் வருகிறது, அதிகபட்சம் 0.01. அதைப் பத்தால் வகுத்து வர்க்கமாக்கினால் பூஜ்யத்துக்குப் பக்கம். ஆக எல்லா ஃபேஸிலும் 0.2 தட்டையாக நிற்கிறது. ரிப்போர்ட்டில் இன்லெட் வழியாக ஓட்டம் மைனஸில் வந்தால், அதாவது தண்ணீர் வாயிலிருந்து வெளியே போனால், குழாயின் மையம் ஆயப்புள்ளியில் இல்லை என்று பொருள். எஃப் சென்ட்ராய்டு தருவது மையத்திலிருந்து தூரம் அல்ல, மாடலின் ஆயத்தொலைவு. குழாய் 0.05 மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தால் அதைக் கழிக்காதவரை மையத்தில் வேகம் −4.8 என்று கிடைக்கும்.

பாருங்கள், ஒரே ஒரு எண் தாளில் இருந்ததால் எங்கே தப்பு என்பதுவரை அதுவே சொல்லிவிட்டது. கலர் படத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்த இரண்டில் முதலாவது கண்ணில் பட்டிருக்காது.

4. அலகு எப்போதும் எஸ்.ஐ.தான்.

திரையில் மில்லிமீட்டரும் செல்சியஸும் காட்டும்படி வைத்திருக்கலாம். அது உங்கள் கண்ணுக்காக. யூ.டி.எஃப்.-க்கு வருவதும் அதிலிருந்து போவதும் மீட்டர், கிலோகிராம், நொடி, கெல்வின். சைன், கோசைனுக்குக் கோணம் ரேடியனில். டிஃபைன் சி.ஜி. மோஷனில் சுழற்சியும் நொடிக்கு ரேடியன்தான், ஆர்.பி.எம்.-ஐ அப்படியே போட்டுவிட்டு விசிறி ஏன் பறக்கிறது என்று கேட்காதீர்கள்.

5. கம்பைலரோடு சண்டை ஒரு தடவைதான். அதை முதல் நாளே போட்டு முடியுங்கள்.

இன்டர்ப்ரெட், கம்பைல் என இரண்டு வழி. இன்டர்ப்ரெட் செய்ய வெளிக் கம்பைலர் வேண்டாம். ஆனால் வேகம் குறைவு, சி மொழியில் பலவற்றை அது ஏற்காது, சால்வரின் தரவு அமைப்புகளை நேரடியாகத் தொட முடியாது. ஒரு சிறு சூத்திரம் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். உருப்படியான வேலைக்குக் கம்பைல்தான்.

லினக்ஸில் ஜி.சி.சி. இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. விண்டோஸில்தான் பாடு. என்மேக் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று சிஸ்டம் சொல்லும், அல்லது லிப்யூ.டி.எஃப். இந்தக் கணினிக்காகக் கம்பைல் ஆகவில்லை என்று ஃப்ளூயன்ட் சொல்லும். இரண்டுக்கும் வழக்கமான காரணம் ஒன்றே: விஷுவல் ஸ்டுடியோ இருக்கிறது, அது எங்கே இருக்கிறதென்று ஃப்ளூயன்டுக்குத் தெரியவில்லை. விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் 64 பிட் நேட்டிவ் டூல்ஸ் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, அதிலிருந்து ஃப்ளூயன்டைத் தொடங்கினால் பெரும்பாலும் தீரும். புதிய பதிப்புகளில் ஃப்ளூயன்டோடு வரும் கம்பைலரையே பயன்படுத்தும் தேர்வும் உண்டு. வேலை செய்யும் ஃபோல்டரின் பெயரில் இடைவெளி வேண்டாம், பாதை குட்டையாக இருக்கட்டும். திருத்தி மறுபடி பில்ட் செய்யுமுன் பழைய லைப்ரரியை அன்லோடு செய்யுங்கள். ஏற்றிவைத்த ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது, நீங்கள் புதிதென்று நினைத்துப் பழையதையே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாள் உங்கள் சொந்த யூ.டி.எஃப்.-ஐக் கம்பைல் செய்யப் பார்க்காதீர்கள். மெசேஜ் என்ற ஃபங்ஷனை வைத்து ஒரு வாக்கியம் அச்சடிக்கும் டிஃபைன் ஆன் டிமாண்டு ஒன்று, மூன்றே வரியில், எழுதி ஓட்டுங்கள். அது ஓடிவிட்டால் இனி வரும் பிழையெல்லாம் உங்கள் நிரலில்தான் என்று நிச்சயம் சொல்லலாம்.

6. சி மொழியில் நாலே நாலு இடத்தில் கவனம்.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் வரும். மூன்றில் ஒரு பங்கு அடுக்கு வேண்டுமென்று 1/3 என்று எழுதினால் அது பூஜ்யம். எதை அந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் விடை 1. நசல்ட் எண் சூத்திரம் எழுதுபவர்கள் இதில் தவறாமல் விழுவார்கள். 1.0/3.0 என்று எழுதுங்கள். இரண்டாவது, ஃப்ளோட், டபுள் என்று நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல் ரியல் என்று அறிவியுங்கள். நீங்கள் ஃப்ளூயன்டை எந்தத் துல்லியத்தில் திறக்கிறீர்களோ அதற்கு ஏற்ப அது மாறிக்கொள்ளும். மூன்றாவது, டிஃபைன் மேக்ரோவின் பெயரும் அடைப்புக்குள் உள்ளவையும் ஒரே வரியில் இருக்கட்டும், நடுவில் உடைக்காதீர்கள். நாலாவது, ஆயத்தொலைவு வரிசை பூஜ்யத்தில் தொடங்குகிறது.

7. லோடு ஆனதும் வேலை முடிந்துவிடவில்லை.

பில்ட், லோடு, ஹுக் மூன்றும் தனித்தனி. லைப்ரரி ஏறியபின் இன்லெட்டின் பெட்டிக்குப் போய் மாறிலி என்று இருப்பதை மாற்றி உங்கள் ஃபங்ஷனின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்ஜஸ்ட், எக்ஸிக்யூட் அட் எண்ட் வகையறாவுக்கு ஃபங்ஷன் ஹுக்ஸ் என்று தனிப் பட்டியல் இருக்கிறது. இதை மறந்தால் சால்வர் எந்தப் புகாரும் சொல்லாமல் பழைய மாறிலியோடு கடைசிவரை ஓடி, அழகாகக் கன்வர்ஜ் ஆகிக் காட்டும்.

8. மூல உறுப்பு எழுதுபவர்கள் அடையாளத்தையும் அலகையும் இரண்டு தடவை பாருங்கள்.

டிஃபைன் சோர்ஸ் இரண்டு எண் கேட்கும். ஒன்று, நீங்கள் திருப்பித் தரும் மூல உறுப்பு. மற்றது அதன் வகைக்கெழு: தீர்க்கிற மாறி கொஞ்சம் கூடினால் மூலம் எவ்வளவு மாறும் என்பது. கன்வர்ஜ் ஆன விடையை இந்த இரண்டாவது எண் மாற்றாது. விடைக்குப் போகும் வழியைத்தான் மாற்றும். சூடான பொருளிலிருந்து வெப்பம் வெளியேறுகிறது, வெப்பநிலை கூடக் கூட இன்னும் வேகமாக வெளியேறுகிறது என்றால் வகைக்கெழு எதிர்மறை. அதைக் கொடுத்தால் கணக்கு நிதானப்படும். அடையாளம் மாறிப்போனால் சில இட்டரேஷனிலேயே சிதறலாம். வகைக்கெழு தெரியாவிட்டால் பூஜ்யம் வையுங்கள். தப்பான அடையாளத்தைவிட அது எவ்வளவோ மேல். ஏன் இப்படி என்று அறிய விரும்புபவர்கள், சுஹாஸ் பதங்கர் 1980-இல் எழுதிய எண்வழி வெப்பப் பரிமாற்ற நூலில் மூல உறுப்பை நேர்கோடாக்கும் பகுதியைப் படியுங்கள். 1972-இல் ஸ்பால்டிங்கோடு சேர்ந்து சிம்பிள் முறையைத் தந்த அதே பதங்கர்தான். மெல்லிய புத்தகம். நான் யாருக்கும் முதலில் கொடுப்பது அதைத்தான்.

அலகு: வெப்ப மூலம் கனமீட்டருக்கு வாட், உந்த மூலம் கனமீட்டருக்கு நியூட்டன், நிறை மூலம் கனமீட்டருக்கு நொடிக்கு கிலோ. மொத்த வாட்டை அப்படியே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெல்டிங்குக்குப் பலரும் எடுப்பது கோல்டாக் 1984-இல் தந்த இரட்டை நீள்கோள மாதிரியை. அதையே சோதித்துப் பார்ப்போம். 200 ஆம்பியர், 20 வோல்ட், 4000 வாட். திறன் 0.75 என்று வைத்தால் 3000 வாட் உலோகத்துக்குள் போக வேண்டும். நீங்கள் திருப்பித் தரும் மூலத்தை ஒரு யூசர் டிஃபைன்ட் மெமரியிலும் எழுதிவையுங்கள். ஓடியபின் வால்யூம் ரிப்போர்ட்டில் அதன் தொகையீட்டைக் கேளுங்கள். 3000-க்குப் பக்கத்தில் வர வேண்டும். சமச்சீர் என்று பாதி மாடல் மட்டும் வரைந்திருந்தால் 1500. டார்ச் நகர நகர இந்த எண் 2600, 3300 என்று ஊசலாடினால் நிரலில் குற்றமில்லை. 3 மில்லிமீட்டர் வளைவை 2 மில்லிமீட்டர் செல்லால் பிடிக்கப் பார்க்கிறீர்கள். மெஷ்ஷைச் சிறிதாக்குங்கள். தொகையை 3000-க்கு இழுத்துக் கட்டும் பெருக்கெண் ஒன்றை நிரலில் சொருகுவது குறுக்குவழி. சிலர் அப்படிச் செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை.

9. செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்.

யூசர் டிஃபைன்ட் மெமரிக்கு மெனுவில் இடம் ஒதுக்கினீர்களா? நிரலில் சி யூ.டி.எம்.ஐ. என்று எழுதினால் மட்டும் போதாது, எத்தனை வேண்டுமென்று முன்கூட்டியே அங்கே சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் அளவு சால்வரிடம் இருக்கிறதா? எனர்ஜி சமன்பாட்டை அணைத்துவிட்டு வெப்பநிலையைக் கேட்டால், இல்லாத நினைவகத்தைத் தொடுகிறீர்கள். சரிவுகளைக் கேட்கிறீர்களா? வெப்பநிலைச் சரிவு போன்றவற்றைச் சால்வர் தன் வேலை முடிந்ததும் அழித்துவிடும். அவற்றை வைத்திருக்கச் சொல்லும் தேர்வு டெக்ஸ்ட் கமாண்டில் எக்ஸ்பர்ட் பகுதியில் இருக்கிறது. அதைப் போட்டபின்பும், அந்த நினைவகம் காலியா என்று நிரலில் பார்த்துவிட்டே தொடுங்கள்.

இன்னொருவரின் நிரலை நகலெடுத்திருந்தால் நாலாவது கேள்வியும் உண்டு. லுக்கப் த்ரெட்டுக்குள் ஒரு எண் இருக்கிறதே, அது யாருடைய மெஷ்ஷின் ஸோன் ஐ.டி.? உங்கள் மெஷ்ஷில் அதே எண் வேறு சுவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மெஷ்ஷை மறுபடி போட்டால் உங்கள் சொந்த எண்ணே மாறக்கூடும்.

10. பல கோரில் ஓட்டும்போது உங்கள் நிரலும் பல இடத்தில் ஓடுகிறது.

மெஷ்ஷைத் துண்டுபோட்டு ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நோடும் தன் பங்கை மட்டுமே பார்க்கும். ஹோஸ்ட்டிடம் மெஷ்ஷே இல்லை. செல்லுக்குச் செல் விடை தரும் பிராப்பர்ட்டி, சோர்ஸ் போன்றவை மாற்றமில்லாமல் ஓடும். தொகை, சராசரி, பெரும மதிப்பு என்று எதையாவது திரட்டினால்தான் வம்பு. அவுட்லெட்டின் சராசரி வெப்பநிலையை வைத்து இன்லெட்டைக் கட்டுப்படுத்துகிறீர்கள். ஒவ்வொரு நோடும் தன் துண்டின் சராசரியை வைத்துக்கொண்டு தனித்தனி முடிவெடுக்கும். அவுட்லெட்டே இல்லாத நோடு பூஜ்யத்தால் வகுக்கும். பி.ஆர்.எஃப். ஜி.ஆர்.சம் வகை மேக்ரோக்கள் எல்லா நோடின் தொகையையும் சேர்த்துத் தரும். வகுபடும் தொகையையும் வகுக்கும் தொகையையும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டு, பிறகு வகுங்கள். சராசரிகளைச் சேர்க்காதீர்கள்.

இரண்டு துண்டுகள் சந்திக்கும் எல்லையிலுள்ள செல்களும் ஃபேஸ்களும் அந்த இரண்டு நோடுகளிலும் இருக்கும். செல்களைக் கூட்டும்போது இன்ட் என்று முடியும் உட்செல் சுற்றை எடுங்கள். ஃபேஸ்களைக் கூட்டும்போது பிரின்சிபல் ஃபேஸ் பி என்று கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். ஃபைலில் எழுதுவது ஒருவர் வேலையாக இருக்கட்டும். திரையில் அச்சிட மெசேஜ்0. இல்லாவிட்டால் 32 கோரும் ஒரே வரியை 32 தடவை கத்தும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். ஒரு கோரில் சில இட்டரேஷன், நாலு கோரில் அதே அளவு. நீங்கள் திரட்டும் எண் இரண்டிலும் முதல் இட்டரேஷனிலேயே ஒத்துப்போக வேண்டும். கடைசித் தசமத்தில் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. முதல் இலக்கத்திலேயே வித்தியாசம் என்றால் பெரிய வேலையை கிளஸ்டருக்கு அனுப்பாதீர்கள்.

11. ரெசிடுவல் கீழே போனது உங்கள் நிரலுக்கு நற்சான்று அல்ல.

கொடுத்த சமன்பாட்டைச் சால்வர் தீர்த்துவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் கொடுத்தது தப்பான சமன்பாடா என்பது அதற்குத் தெரியாது. மேலாளர் கேட்டாலும் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டாலும், கன்வர்ஜ் ஆகிவிட்டது சார் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். தாளில் வந்த எண் இது, ரிப்போர்ட்டில் வந்தது இது என்று இரண்டையும் காட்டுங்கள்.

12. கைமாற்றும்போது.

கேஸ் ஃபைலை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் லைப்ரரி ஃபோல்டரும் கூடப் போக வேண்டும். இயங்குதளம் வேறென்றால் அங்கே மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். பதிப்பு மாறினாலும் அப்படியே செய்துவிடுவது நல்லது. நிரலின் தலையில் நாலு வரி எழுதிவையுங்கள்: என்ன சூத்திரம், எங்கிருந்து எடுத்தது, ஒவ்வொரு எண்ணும் என்ன அலகு, எந்தப் பதிப்பில் எந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சோதித்தது. லைப்ரரியை மட்டும் கொடுத்துவிட்டு மூல ஃபைலைத் தராமல் போகாதீர்கள். கம்பைல் ஆன லைப்ரரியைத் திறந்து யாரும் படிக்க முடியாது. உங்களுக்குப் பின் வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.